அட்டையை வெட்டி அட்டை வாங்கிய கதை

கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறேன் என்று மூன்று வாரம் அலைந்ததில் நான் செய்த உருப்படியான காரியங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, கழற்றப்போகும் பழைய கார்டிடமே ஒரு கேள்வி கேட்டது. இன்னொன்று, பழைய செருப்புப் பெட்டி ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டியது. மீதி நேரமெல்லாம் பச்சைக் கட்சியா சிவப்புக் கட்சியா என்று தம்பியோடு மல்லுக்கட்டியதில் போய்விட்டது.

முதலில் மெஷின் நிலவரம். ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 சிப்செட் வைத்த, மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற சிறிய அளவு மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், 550 வாட் பவர் சப்ளை. கார்டு ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி. 2016இல் வந்த கார்டு என்றாலும் 1920×1080 மானிட்டர் இருந்தவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது. மானிட்டரை 2560×1440க்கு மாற்றியதும் குட்டு வெளிப்பட்டது. முன்பு ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் மாறி மாறி வரும் ஒவ்வொரு படத்துக்கும், சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் வரைந்தால் போதும், இப்போது 36.9 லட்சம். ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலையை அதே ஆள் தலையில் ஏற்றினால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

"அண்ணா, கண்ண மூடிட்டுப் பச்சைய வாங்கு. யோசிக்கவே வேணாம்" என்றான் தம்பி. பச்சை என்றால் என்விடியா, சிவப்பு என்றால் ஏஎம்டி. அவன் பிளெண்டரில் முப்பரிமாண வேலை செய்கிறவன். அவனுக்கு அது சரிதான், ஏன் என்று பிறகு சொல்கிறேன். எனக்குச் சரியா என்பதுதான் கேள்வி.

பட்டியலில் மூன்று பெயர்கள் மிஞ்சின. இன்டெலின் ஆர்க் பி580, 12 ஜிபி, 2024 டிசம்பரில் வந்தது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி, 2025 ஏப்ரல். ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, அதுவும் 16 ஜிபி, 2025 ஜூன். இவற்றுக்கு மேலே இன்னும் பெரிய கார்டுகள் கண்ணைச் சிமிட்டத்தான் செய்தன. அவற்றை விரட்டியது பழைய கார்டு.

பழைய கார்டிடம் கேட்ட கேள்வி

விளையாட்டு ஓடும்போது இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார், எந்தக் கார் எதில் மோதுகிறது, எதையெல்லாம் வரைய வேண்டும் என்று ப்ராசஸர் கணக்குப் போட்டுச் சீட்டு எழுதிக் கொடுக்கும். அதைப் பார்த்து வரைவது கார்டு. இருவரில் மந்தமானவர் எவரோ, அவர் வேகம்தான் விளையாட்டின் வேகம். வரைகிறவரை மாற்றப் போகிறோம், சரி. சீட்டு எழுதுகிறவர் எவ்வளவு வேகமாக எழுதுவார்? இதைத் தெரிந்துகொள்ள புதுக் கார்டு தேவையில்லை. வரைகிற வேலையை அற்பமாக்கிவிட்டுப் பார்த்தால் போதும்.

சைபர்பங்க் 2077 விளையாட்டில் கூட்டம் நெரிகிற சந்தைத் தெரு ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரே பாதையில் ஒரு நிமிடம் நடப்பது, ஒவ்வொரு அமைப்புக்கும் மூன்று முறை. நிழல், டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்), மூடுபனி போன்று கார்டைப் பிழிகிற விஷயங்களையெல்லாம் தாழ்த்தினேன். கூட்டத்தின் அடர்த்தியில் மட்டும் கைவைக்கவில்லை. அது ப்ராசஸர் சுமக்கிற பாரம். அதையும் குறைத்தால் சோதனையே பொய்யாகிவிடும். பிரசன்ட்மான் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எத்தனை மில்லிவினாடி ஆனது என்று எழுதிக்கொண்டே வந்தது.

2560×1440இல் நொடிக்கு 31 ஃபிரேம். 1920×1080இல் 46. 1280×720இல் 66. அதற்கும் கீழே இறக்கினேன், படம் எண்ணெய்த்தாள் வழியே பார்ப்பது போல ஆனது. எண்ணிக்கை 69ஐத் தாண்டவில்லை. கார்டின் பயன்பாடு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டது. அதாவது வரைகிறவர் கையைக் கட்டிக்கொண்டு அடுத்த சீட்டுக்காகக் காத்திருக்கிறார். ஆக, என்ன கார்டை மாட்டினாலும் இந்த மெஷினில் இந்தத் தெருவில் கூரை ஏறத்தாழ 70தான். இந்த எண்ணைச் சுவரில் ஒட்டுச்சீட்டில் எழுதி வைத்தேன். பின்னால் இதுதான் என் மானத்தைக் காப்பாற்றியது.

உயர்ரகக் கார்டுகள் அன்றைக்கே பட்டியலிலிருந்து விழுந்தன. விமர்சனக் கட்டுரைகளில் வருகிற வரைபடங்களைப் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். கார்டுகளை ஒப்பிடுகிறவர்கள் ப்ராசஸர் குறுக்கே வரக்கூடாது என்பதற்காகச் சந்தையில் இருப்பதிலேயே வேகமானதைப் பூட்டி அளக்கிறார்கள். அது நியாயமான முறைதான். ஆனால் அந்த மெஷின் நம் வீட்டில் இல்லையே.

இன்டெல் கார்டும் இதே காரணத்தால் போனது. பி580 அதன் வகையில் நல்ல கார்டு, 12 ஜிபி நினைவகம் தாராளம். ஆனால் அதன் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், ப்ராசஸரிடம் நிறைய வேலை வாங்குகிறது என்பதும், ரைசன் 5 2600, 3600 மாதிரியான பழைய ப்ராசஸர்களில் சில விளையாட்டுகளில் வேகம் நன்றாகவே சரிகிறது என்பதும் அது வெளிவந்த சில வாரங்களிலேயே பலர் சோதித்துக் காட்டிய விஷயம். ஏற்கெனவே திணறுகிற ஆளிடம் போய் இன்னொரு மூட்டையைக் கொடுப்பானேன்.

பச்சையும் சிவப்பும்

மிச்சம் இரண்டு. நேர்மையாகச் சொன்னால் வெறும் வேகத்தில் 5060 டிஐ கொஞ்சம் முன்னே நிற்கிறது. ஒளி எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று கணக்குப் போட்டு வரையும் ரே டிரேசிங்கைப் போட்டால் இடைவெளி இன்னும் கூடும். நினைவகப் பட்டையின் அகலம் இரண்டிலும் 128 பிட்தான் என்றாலும், என்விடியா ஜிடிடிஆர்7 என்ற புது வகை நினைவகம் வைத்திருப்பதால் நொடிக்கு 448 ஜிபி. ஏஎம்டி ஜிடிடிஆர்6இலேயே நிற்பதால் 320 ஜிபி. தாளில் பார்த்தால் தம்பி கட்சி ஜெயித்தாகிவிட்டது.

அடுத்ததாக, யாரும் பெரிதாகப் பேசாத ஒரு வரி கண்ணில் பட்டது. மதர்போர்டோடு கார்டு பேசும் பாதை. பிசிஐ எக்ஸ்பிரஸில் லேன் என்பார்கள், சாலையில் ஓடுபாதை மாதிரி. 5060 டிஐயில் 8 லேன். 9060 எக்ஸ்டியில் 16. இரண்டும் ஐந்தாம் தலைமுறை, புது மதர்போர்டில் 8 லேனே ஏராளம். என் பி450 போர்டோ மூன்றாம் தலைமுறை. அதில் 16 லேன் என்றால் நொடிக்குச் சுமார் 16 ஜிபி, 8 லேன் என்றால் அதில் பாதி. பழைய ஸ்லாட்டில் (கார்டைச் செருகும் இடம்) போடும்போது கார்டு கீழிறங்கி வந்து ஸ்லாட்டின் வேகத்துக்கே பேசும். ஆனால் 8 லேன் கார்டு 8 லேனிலேயே நிற்கும்.

இதனால் குடி முழுகிப் போகுமா? 16 ஜிபி கார்டில் போகாது. இழப்பு சில சதவீதம், பல விளையாட்டுகளில் அதுவும் தெரியாது. ஆனால் இதே 5060 டிஐ, இதே 9060 எக்ஸ்டி, இரண்டுமே 8 ஜிபியிலும் விற்கின்றன, அதே பெயரில், ஏறக்குறைய அதே பெட்டியில். அங்கேதான் விவகாரம். கார்டின் நினைவகம் நிரம்பினால் மிச்ச டெக்ஸ்சர்கள் ராமில் போய் உட்காரும். ஒவ்வொரு முறையும் இந்தப் பாதை வழியாகத்தான் வந்து போக வேண்டும். கார்டுக்குள் நொடிக்கு நூற்றுக்கணக்கான ஜிபி ஓடிய சரக்கு, நொடிக்கு 8 அல்லது 16 ஜிபி மட்டுமே போகும் சந்தில் நுழைகிறது. சராசரி ஃபிரேம் எண்ணிக்கை பார்க்க அழகாக இருக்கும், விளையாட்டு மட்டும் திக்கித் திக்கி நடக்கும். பழைய போர்டு வைத்திருப்பவர் இந்த வகையில் 8 ஜிபி வாங்குவது, சுருக்கமாகச் சொன்னால், வேண்டாத வேலை. டெக்ஸ்சர் தரத்தைக் கூட்டுவதற்குக் கணக்குப் போடும் திறன் பெரிதாகத் தேவையில்லை, இடம்தான் தேவை. படத்தின் அழகில் பாதி அதில்தான் இருக்கிறது.

அப்ஸ்கேலிங் விஷயத்திலும் கொஞ்சம் நேரம் செலவழித்தேன். குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் வித்தை. என்விடியாவுக்கு டிஎல்எஸ்எஸ், ஏஎம்டிக்கு எஃப்எஸ்ஆர். எஃப்எஸ்ஆர் 2021இல் வந்தபோது டிஎல்எஸ்எஸ் பக்கத்தில் நிற்க முடியாமல்தான் இருந்தது. மெல்லிய கம்பிகள், முடி, வேலி எல்லாம் கொதிக்கிற பால் மாதிரி நெளியும். ஏஎம்டியின் 9000 வரிசையோடு வந்த எஃப்எஸ்ஆர் 4, இயந்திரக் கற்றலுக்கு மாறியபின் அந்த நெளிவு பெரும்பாலும் அடங்கிவிட்டது. இருந்தாலும் டிஎல்எஸ்எஸ்தான் அதிக விளையாட்டுகளில் இருக்கிறது. இந்த இடத்தில் பச்சைக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தேன், மனமுவந்து.

தம்பியின் விஷயம் இதுதான்: பிளெண்டரில் படம் ரெண்டர் செய்ய என்விடியாவின் ஆப்டிக்ஸ் என்ற மென்பொருள் நன்றாக ஓடுகிறது, வீட்டில் செய்யும் ஏஐ விளையாட்டுகளில் முக்கால்வாசி, என்விடியாவின் மென்பொருள் தளமான குடாவை நம்பி எழுதப்பட்டவை. அவனாக இருந்தால் நானும் பச்சையைத்தான் வாங்குவேன். நான் விளையாட மட்டும் செய்கிறேன். அதுவும் 70 ஃபிரேம் கூரைக்குக் கீழே. 5060 டிஐ முந்துகிற அந்தச் சில சதவீதம் இந்தக் கூரையில் முட்டிக்கொண்டு நிற்கும், வெளியே தெரியாது. ரே டிரேசிங் போட்டால் ப்ராசஸருக்கும் வேலை கூடும், கூரை இன்னும் தாழும். விலையும் 9060 எக்ஸ்டிக்குத்தான் குறைவு. சிவப்பு என்று முடிவானது. தம்பி இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

செருப்புப் பெட்டி

ஒரே 9060 எக்ஸ்டியை ஆளாளுக்கு ஒரு நீளத்தில் செய்கிறார்கள். இரண்டு விசிறி, மூன்று விசிறி. கேஸ் தயாரித்தவர் சொல்லும் அதிகபட்ச நீளம் முன்பக்க விசிறியைக் கணக்கில் எடுத்ததா இல்லையா என்பதைக் கடவுளிடம்தான் கேட்க வேண்டும். அதனால்தான் பெட்டியை வெட்டினேன். கார்டு நிறுவனம் கொடுத்திருந்த நீள, உயர, தடிமன் அளவுகளில் அட்டையால் ஒரு பொம்மைக் கார்டு செய்து, பழைய கார்டைக் கழற்றிய இடத்தில் செருகிப் பார்த்தேன். தமிழில் கிராபிக்ஸ் அட்டை என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான தருணம் வாய்க்காது.

மூன்று விசிறி மாடல் நீளத்தில் நுழைந்தது. ஆனால் இரண்டரை ஸ்லாட் தடிமனில் போர்டின் கீழ்ப்பக்கம் இருந்த இரண்டு சாட்டா சொருகிகளை மூடிக்கொண்டது. என் ஹார்ட் டிஸ்க் இரண்டும் அங்கேதான். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு வைத்திருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. இரண்டு விசிறி மாடலுக்கு அட்டையை மறுபடி வெட்டினேன். நீளமும் தடிமனும் குறைந்தன, சாட்டா பிழைத்தது.

அட்டை சொல்லாமல் விட்ட ஒன்றும் இருந்தது. மின்சார ஒயர். கார்டின் மேல்விளிம்பில் செருகியபின் அது வளைவதற்கு மேலும் மூன்று விரல்கடை இடம் வேண்டும். கேஸின் பக்கக் கதவு ஒயரை அழுத்திக்கொண்டுதான் மூடுகிறது. மூடுகிறது என்பதோடு விட்டுவிட்டேன், ஆனால் பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது. அட்டையில் ஒயரையும் சேர்த்து ஒட்டியிருக்க வேண்டும்.

பவர் சப்ளைக் கணக்கு எளிது. கார்டு 160 வாட், ப்ராசஸர் முழு வேகத்தில் 88, மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 60 என்று வைத்தாலும் 550இல் தாராளமாக அடங்கும். ஸ்லாட் 75 வாட் தரும், 8 பின் ஒயர் 150. ஒரே ஒரு எச்சரிக்கை: ப்ராசஸருக்குப் போகும் 8 பின் நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டுக்குப் போவது ஆறும் இரண்டுமாக. மாற்றிச் செருக முயலாதீர்கள். கழற்றி மாட்டும் வகைப் பவர் சப்ளையாக இருந்தால் வேறொன்றின் ஒயரைக் கடன் வாங்காதீர்கள். செருகி ஒன்று போலவே இருக்கும், உள்ளே வரிசை மாறியிருக்கும்.

மாட்டிய இரவு

இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் டிடியூ என்ற டிரைவர் அழிக்கும் கருவியை வைத்துப் பழைய என்விடியா டிரைவரைத் துடைத்தேன். இன்டர்நெட் இருந்தால் விண்டோஸ் தானாகவே எதையாவது இறக்கி நிறுவி நம் வேலையைக் கெடுக்கும். கார்டை மாட்டி, திருகி, ஒயர் கொடுத்து, பொத்தானை அமுக்கினேன்.

விசிறிகள் சுற்றின. திரை கருப்பு.

ஒயரை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், கார்டைக் கழற்றி மறுபடி செருகினேன். கருப்பு. கார்டு செத்து வந்திருக்கிறது என்றே நினைத்தேன். பழையதை மாட்டினால் உடனே படம் வந்தது. மெஷின் கிளம்பும்போது முதலில் ஓடும் பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் சிஎஸ்எம் போட்டிருந்தது. பழைய பாணியில் மெஷினைக் கிளப்பும் ஏற்பாடு. என் விண்டோஸ், இதற்கு முந்தைய மெஷினிலிருந்து டிஸ்கோடு வந்தது. அது எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க். சிஎஸ்எம்மை அணைத்தால் விண்டோஸ் கிளம்பாது. அணைக்காவிட்டால் புதுக் கார்டு படம் காட்டாது. ரீசைசபிள் பார் என்ற, கார்டின் முழு நினைவகத்தையும் ப்ராசஸர் ஒரேயடியாக எட்டும் வசதியும் சிஎஸ்எம் இருந்தால் வேலை செய்யாது.

இதற்கு விண்டோஸுக்குள்ளேயே மருந்து இருக்கிறது. எம்பிஆர்2ஜிபிடி என்ற கட்டளை, டிஸ்கை அழிக்காமல் ஜிபிடி என்ற புது வகைக்கு மாற்றித் தரும். முதலில் சரிபார்க்கச் சொன்னேன், முடியாது என்றது. முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது ஒத்துக்கொள்ளாது. என் டிஸ்கில் நான்கு. எப்போதோ டிஸ்கை நகல் எடுத்தபோது ஒட்டிக்கொண்டு வந்த பழைய மீட்புப் பிரிவு ஒன்று சும்மா கிடந்தது. முழு டிஸ்கையும் வெளியே நகல் எடுத்து வைத்துவிட்டு அதை அழித்தேன். இரண்டாவது முறை ஒத்துக்கொண்டது. சிஎஸ்எம்மை அணைத்தேன், கையோடு பயாஸையும் புதுப்பித்தேன், விண்டோஸ் பழைய கார்டில் கிளம்பியதைப் பார்த்தேன், புதுக் கார்டை மாட்டினேன். படம் வந்தபோது மணி இரண்டேகால். இதையெல்லாம் பழைய கார்டு இருக்கும்போதே செய்து முடித்திருந்தால் பத்து மணிக்குத் தூங்கியிருக்கலாம்.

மறுநாள் அதே சந்தைத் தெரு, அதே ஒரு நிமிட நடை. 2560×1440, தரம் உயரத்தில். 57 ஃபிரேம்.

பின்னால் நின்றிருந்த தம்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் கொடுமை.

கார்டு இவ்வளவுதானா என்று முகம் தொங்கிய நேரத்தில் சுவரில் இருந்த ஒட்டுச்சீட்டைப் பார்த்தேன். 69. திரையளவைத் தாழ்த்தினேன், 58. கார்டின் பயன்பாடு 70 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. அப்படியென்றால் கார்டு காத்திருக்கிறது, கூரையே தாழ்ந்துவிட்டது. ஒரே நாளில் ப்ராசஸர் எப்படி மந்தமாகும்? டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் விடை முதல் பக்கத்திலேயே இருந்தது: ராம் வேகம் 2133. வாங்கியது 3200. பயாஸைப் புதுப்பித்ததும் எல்லா அமைப்பும் ஆரம்ப நிலைக்குப் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அணைந்திருக்கிறது. ரைசன் 3000 வரிசைக்கு ராம் வேகம் குறைந்தால் உள்ளே இருக்கும் இணைப்பின் வேகமும் கூடவே இறங்கும். எக்ஸ்எம்பியைப் போட்டுவிட்டு நடந்தால் 71. அந்த ஒட்டுச்சீட்டு இல்லையென்றால் குற்றமே செய்யாத கார்டைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அடுத்த வாரம் முழுக்கச் சின்னச் சின்ன வேலைகள். ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் மின்னழுத்தத்தை 70 மில்லிவோல்ட் குறைத்தேன். சைபர்பங்க் இரண்டு மணி நேரம் ஓடியது, வேறொரு கார் பந்தய விளையாட்டு பத்தே நிமிடத்தில் விழுந்தது. 50இல் வைத்தபின் இதுவரை எதுவும் விழவில்லை, விசிறிச் சத்தம் காது கொடுத்துக் கேட்டால்தான் தெரிகிறது. ஃபிரேம்களை 68இல் கட்டிப்போட்டேன். கூரையை முட்டி முட்டி இறங்குவதைவிட அதற்குச் சற்றுக் கீழே சீராக ஓடுவது கண்ணுக்கு இதம். கார்டின் வேகத்துக்கே திரையையும் மாறவைக்கும் மானிட்டரின் ஃப்ரீசிங்க் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. கார்டுக்கு இன்னும் தெம்பு இருப்பதால் அப்ஸ்கேலிங் இல்லாமலேயே விளையாடுகிறேன். டிஎல்எஸ்எஸ்ஸா எஃப்எஸ்ஆரா என்று போட்ட சண்டையெல்லாம் வீண்.

கூரையை உயர்த்த வழி இருக்கிறது. 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி என்ற ப்ராசஸர்கள் இரண்டும் இதே ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும். உள்ளேயே 96 எம்பி கேஷ் நினைவகம் இருப்பதால் கூட்டம் நெரிகிற தெருக்களில் அவை வேறு ரகம். எங்காவது நல்ல நிலையில் ஒன்று கைமாறி வந்தால் பார்க்கலாம் என்று காத்திருக்கிறேன்.

தம்பி போன வாரம் வந்தான். 5060 டிஐ எடுக்கப் போகிறானாம், மூன்று விசிறி. மேசைக்கு அடியில் கிடந்த பொம்மைக் கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணா, இன்னொரு செருப்புப் பெட்டி இருக்கா? ஒயருக்கும் சேத்து ஒட்டிடலாம்."